வாசகர் கேள்விகள்: ‘கில்’ என்றொரு பஞ்சாபிப் பெயர்

‘கில்’ என்ற பஞ்சாபிக் குடும்பப் பெயரைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில், பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில், தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எம்.எஸ். கில் ஆகியோர் உறவினர்களா? ‘கில்’ என்பது சாதியின் பெயரா, குடும்பத்தின் பெயரா? (திருப்பூர் வாசகர்)

பெயரை மட்டும் வைத்து அவர்களை உறவினர் என்று சொல்ல முடியாது. பஞ்சாபில் வேளாண்மையைத் தொழிலாகக் கொண்ட பெரிய சமூகம் ஜாட் சமூகம். அதற்குள் சித்து, சந்து, தில்லோன், கிரேவால், பாஜ்வா, மான், புல்லர் என்று நூற்றுக்கணக்கான குலப் பிரிவுகள் உள்ளன. பஞ்சாபியர் இப்பிரிவை ‘கோத்’ என்கிறார்கள். கோத்திரம் என்ற சொல்லின் பேச்சு வடிவம்தான் இது என்றாலும், ரிஷிகளின் பெயரால் அமைந்த கோத்திரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு கோத்தைச் சேர்ந்தவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்பது நம்பிக்கை. ஆனால் அந்த மூதாதைக்கும் இன்றைய தலைமுறைக்கும் இடையிலான படிகளை எந்தக் குடும்பத்தாலும் ஐயமின்றி எண்ணிக் காட்ட இயலாது. ஆகவே ‘கில்’ என்பது சாதியை விடச் சிறியது, நாம் வழக்கமாகக் குடும்பம் என்று சொல்வதை விட மிகப் பெரியது.

கே.பி.எஸ். கில் லூதியானாவில் பிறந்தவர், எம்.எஸ். கில் தரண் தாரண் பகுதியைச் சேர்ந்தவர். ஷுப்மன் கில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஃபாசில்காவில் 1999-இல் பிறந்தவர். இம்மூன்று ஊர்களும் சட்லெஜ், பியாஸ் ஆறுகள் பாயும் வட்டாரத்தில் இருப்பது தற்செயல் அன்று. அடுத்த விடையில் அது விளங்கும்.

நம் வாசகர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் முன்னெழுத்து தந்தையைக் குறிப்பதால், கே.பி.எஸ். என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அங்கே அது கன்வர் பால் சிங் என்ற அவருடைய சொந்தப் பெயரின் சுருக்கம். எம்.எஸ். என்பதும் மனோகர் சிங் என்பதன் சுருக்கமே. தந்தை வழியாக வந்தது கடைசியில் நிற்கும் ‘கில்’ மட்டும்தான்.

கேள்வி: இந்தக் குலம் எங்கே, எப்போது தோன்றியது? ராஜபுத்திர அரசர் ஒருவரின் வழி என்று படித்தேன். உண்மையா? (மயிலாடுதுறை வாசகி)

தாங்கள் படித்தது பழைய குலக்கதை. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பஞ்சாப் அறிக்கையை எழுதிய டென்சில் இப்பெட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பதிவு செய்தார். பின்னர் எச்.ஏ. ரோஸ் தொகுத்த பஞ்சாபின் குலங்கள், சாதிகள் பற்றிய அகரவரிசையிலும் அது இடம்பெற்றது. கட்-மிதிலா என்ற இடத்தை ஆண்ட பிருத்விபத் என்ற ராஜபுத்திரர், புல்லர் கோத்தைச் சேர்ந்த ஜாட் பெண்ணை மணந்தார். அவர்களுடைய வழித்தோன்றலான கில் என்பவர் ஃபிரோஸ்பூர்ப் பகுதியில் வாழ்ந்தார். அவருடைய மகன் ஷேர்கில். இதுவே கதையின் சுருக்கம். பொறாமை கொண்ட மூத்த மனைவியர் குழந்தையான கில்லை ஈர நிலத்தில் போட்டுவிட்டதாகவும், ஈரத்தைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று என்றும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு.

இக்கதையை வரலாறாகக் கொள்ள முடியாது என்பதற்கு வலுவான காரணம், இதே கதை வேறு பெயர்களோடு மற்ற கோத்துகளிடமும் இருப்பதுதான். சித்து குலத்தார் தங்களை ஜெய்சல்மரை நிறுவிய ஜெய்சலின் வழியினர் என்கின்றனர். அங்கும் தந்தை வழி ராஜபுத்திரர், தாய் வழி ஜாட். உயர்ந்த அரசகுலத் தொடர்பையும் உழவர் நிலையையும் ஒரே மூச்சில் விளக்கிவிட இந்த அமைப்பு வசதியானது. குல வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்து, திருமண வீடுகளில் பாடிக் கொடை பெற்றவர்கள் மிராசி என்னும் பாணர்கள். கொடுப்பவரின் மனம் குளிர மூதாதைக்கு ஒரு மகுடத்தைச் சூட்டுவதில் அவர்களுக்கு என்ன நட்டம்? இப்பெட்சனும் ஜாட், ராஜபுத்திரர் என்ற வேறுபாட்டைப் பிறப்பின் வேறுபாடு என்பதை விடச் சமூகத் தகுதியின் வேறுபாடாகவே கண்டார். இதற்கு நேர்மாறாக, கதையில் தாயின் குலமாக வரும் புல்லர்களோ ராஜபுத்திர வழியைக் கோருவதில்லை. மான், ஹேர் குலங்களோடு சேர்ந்து, தாங்களே சிவனின் சடைமுடியிலிருந்து பிறந்த அசல் ஜாட்டுகள் என்பது அவர்களின் கூற்று.

ஆவணங்களின் துணையோடு சொல்லக்கூடியது வேறு. எட்டாம் நூற்றாண்டுச் சிந்துப் பகுதியைப் பற்றிய செய்திகளில் ஜாட்டுகள் கால்நடை மேய்ப்பவர்களாக வருகிறார்கள். பதினோராம் நூற்றாண்டிலிருந்து அவர்கள் வடக்கே பஞ்சாபில் காணப்படுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் நிலத்தில் ஊன்றிய உழவர்களாகவும் ஊர்த் தலைவர்களாகவும் மாறிவிடுகிறார்கள். கிணற்றிலிருந்து தொடர்ந்து நீர் இறைக்கும் பாரசீகச் சக்கரம் பரவியதே இம்மாற்றத்திற்கு முக்கியக் காரணம் என்று வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் வாதிட்டிருக்கிறார். லாகூர், தீபால்பூர், சிர்ஹிந்த் பகுதிகளில் அந்தச் சக்கரம் இயங்கியதைப் பாபரும் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கில் உள்ளிட்ட கோத்துகள் தத்தம் கிராமங்களில் நிலைகொண்டதை இந்த நீண்ட குடியேற்றத்தின் பகுதியாகப் பார்ப்பதே பொருத்தம். தனியொரு தோற்ற ஆண்டைத் தேடுவதில் பயனில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கில் குலத்தின் மையம் லாகூர், ஃபிரோஸ்பூர் மாவட்டங்கள் என்றும், பியாஸ் ஆற்றின் கரையிலும் சட்லெஜின் மேற்பகுதியிலும் தொடர்ச்சியாகவும், மலையடிவாரத்தில் மேற்கே சியால்கோட் வரையிலும் அவர்கள் பரவியிருந்தனர் என்றும் இப்பெட்சன் குறிக்கிறார். மோகா மாவட்டத்து ராஜியானா கிராமத்தில் ராஜா பீர் என்ற மூதாதைக்கு வழிபாட்டிடம் ஒன்று உண்டு. கோத்தின் முன்னோரை ‘ஜடேரா’ என்று வணங்குவது பஞ்சாபி வழக்கம். சீக்கியக் குலமொன்றின் முன்னோருக்கு ‘பீர்’ என்னும் முஸ்லிம் ஞானியர் பட்டம் அமைந்திருப்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். அந்த மண்ணில் அது விந்தை அன்று.

கேள்வி: ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லும் இந்தக் குலமா? அவருடைய சிற்றப்பாவின் பெயர் மஜீதியா என்று முடிகிறதே? (கோயம்புத்தூர் வாசகர்)

கூர்மையான கேள்வி. பஞ்சாபியர் பெயரிடும் முறையை விளக்க இதை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கதைப்படி கில்லின் மகன் ஷேர்கில். அவர் வழியினர் தனிக் கோத்தாகவே எண்ணப்படுகின்றனர். அவர்களுள் ஒரு குடும்பம் அமிர்தசரசுக்கு அருகிலுள்ள மஜீதா என்ற ஊரில் செல்வாக்குப் பெற்றது. மகாராஜா ரஞ்சித் சிங்கின் அரசவையில் தேசா சிங், அவருடைய மகன் லேனா சிங் போன்றோர் உயர்ந்த பதவிகளில் இருந்தார்கள். பிரபுக்களை அவர்களின் ஊரால் அழைப்பது அக்கால வழக்கமாதலால் அவர்கள் ‘மஜீதியா’, அதாவது மஜீதா ஊர்க்காரர், ஆனார்கள். லேனா சிங்கின் மகன் தயாள் சிங் மஜீதியாதான் 1881-இல் லாகூரில் ‘டிரிப்யூன்’ செய்தித்தாளைத் தொடங்கியவர்.

இதே மஜீதியாக்களின் இன்னொரு கிளையில் பிறந்த உடன்பிறப்புகள் உம்ராவ் சிங்கும் சுந்தர் சிங்கும். இளையவரான சுந்தர் சிங் அரசியலில் ஈடுபட்டு, 1937-இல் பஞ்சாப் மாகாணத்தின் வருவாய்த்துறை அமைச்சரானார். அவர் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டார். வடமொழியிலும் பாரசீகத்திலும் புலமையும் ஒளிப்படக் கலையில் ஈடுபாடும் கொண்ட மூத்தவர் உம்ராவ் சிங், கோத்தின் பெயரான ஷேர்-கில்லை எழுதினார். ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த மரி அன்டோய்னெட்டை அவர் மணந்தார். அவர்களுக்கு 1913-இல் புடாபெஸ்ட்டில் பிறந்த மகளே அம்ரிதா. ஒரே தந்தையின் இரண்டு மகன்கள், இரண்டு குடும்பப் பெயர்கள், இரண்டும் முறையானவை. அம்ரிதா 1936-37 காலத்தில் அஜந்தா, கொச்சி, கன்னியாகுமரி வரை பயணம் செய்து, தென்னிந்தியக் கிராமத்து மக்களைத் தம் புகழ்பெற்ற ஓவியங்களில் வரைந்தவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

ஊர்ப்பெயரின் ஆட்சி இன்றும் தொடர்கிறது. பஞ்சாபின் முதலமைச்சராகப் பலமுறை இருந்த பிரகாஷ் சிங் பாதல், தில்லோன் கோத்தைச் சேர்ந்தவர்; பாதல் என்பது அவருடைய கிராமம். மாறாக, 1967-68-இல் முதலமைச்சராக இருந்து, பஞ்சாபி மொழியை ஆட்சிமொழியாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்த லச்மண் சிங் கில், கோத்தின் பெயராலேயே அறியப்பட்டார்.

கேள்வி: பாகிஸ்தானில் கிறிஸ்தவர்கள் பலருக்கும் ‘கில்’ என்ற பெயர் இருக்கிறது. மதம் மாறிய ஜாட்டுகளா அவர்கள்? (நாகர்கோவில் வாசகர்)

பெரும்பாலும் அல்லர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கில் என்றாலே ஜாட் சீக்கியர் என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் பஞ்சாபுக்குள்ளேயே உண்டு.

கோத்துகள் ஜாட்டுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. பஞ்சாபின் கிராமங்களில் துப்புரவுப் பணியும் வயற்கூலி வேலையும் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்ட சூஹ்ரா என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்திலும் கில், பட்டி, சஹோத்ரா, மட்டு போன்ற கோத்துகள் இருந்தன. ஜாட் நிலவுடைமையாளரின் கோத்தும் அவர் வயலில் உழைத்தவரின் கோத்தும் ஒன்றாக இருப்பதற்கு, உடைமையாளரின் பெயரை உழைப்பவர் ஏற்றார் என்பது ஒரு விளக்கம். பழங்குடிக் குழுக்கள் பிற்காலத்தில் மேல், கீழ் என்று பிரிந்தன என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை ஆதிக்கச் சமூகத்தார் விரும்பிச் சொல்வார்கள். அதனாலேயே அதைச் சற்று எச்சரிக்கையோடு கேட்பது நல்லது.

1873-இல் சியால்கோட் பகுதியில் தித் என்ற எளிய மனிதர், அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையாரிடம் திருமுழுக்குப் பெற்றார். தோல் வாங்கி விற்பது அவர் பிழைப்பு. ஊர் ஊராகச் செல்லும் அத்தொழிலின் வழியே தம் சமூகத்தாரிடம் அவர் பேசினார்; குடும்பம் குடும்பமாக மக்கள் கிறிஸ்தவத்தைத் தழுவத் தொடங்கினர். 1881-இல் சில ஆயிரமாக இருந்த பஞ்சாபிக் கிறிஸ்தவர் தொகை 1931-இல் நான்கு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. இவர்கள் மதம் மாறியபோதும் கோத்தை விடவில்லை. இன்று லாகூர், பைசலாபாத், சியால்கோட் நகரங்களில் விவிலியப் பெயரோடு கில் என்று முடியும் பெயர்கள் ஏராளமாகக் கிடைப்பது இதனால்தான். சூஹ்ராக்களில் சீக்கியத்தை ஏற்றவர்கள் மஸ்ஹபி சீக்கியர் எனவும், இந்து மதத்தில் இருப்பவர்கள் வால்மீகி எனவும் அழைக்கப்படுகின்றனர். அவர்களிடையிலும் கில்கள் இருக்கிறார்கள்.

பாகிஸ்தானில் முஸ்லிம் கில்களும் கணிசமாக உள்ளனர், அவர்கள் ஜாட்டுகள். 1947 பிரிவினையில் ஃபிரோஸ்பூர், லூதியானா, அமிர்தசரஸ் பகுதிகளின் முஸ்லிம் கில்கள் மேற்கே போனார்கள். லாகூர் மாவட்டத்திலும், 1890-களில் செனாப் கால்வாய் வெட்டப்பட்டபின் லியால்பூர் (இன்றைய பைசலாபாத்) குடியேற்ற நிலங்களிலும் உழுதுகொண்டிருந்த சீக்கிய கில்கள் கிழக்கே வந்தார்கள். இப்பெட்சன் காலத்தில் குலத்தின் மையமாக இருந்த லாகூரில் சீக்கிய கில் என்று சொல்ல ஏறத்தாழ யாரும் மிஞ்சவில்லை.

இந்தியப் பஞ்சாபில், லூதியானாவுக்குத் தெற்கே கில் என்றே ஒரு கிராமம் உண்டு. அதன் பெயரைத் தாங்கிய சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2011 கணக்கின்படி மாநில மக்கள்தொகையில் 31.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். வேறு எந்த மாநிலத்திலும் அவர்கள் விகிதம் இவ்வளவு உயர்ந்ததில்லை.

கேள்வி: ஆங்கிலேயர்களுக்கும் கில் என்ற பெயர் இருக்கிறதே? இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (சென்னை வாசகி)

கிடையாது, எழுத்தொற்றுமை மட்டுமே. ஆங்கிலப் பெயர் பெரும்பாலும் வடக்கு இங்கிலாந்தின் மலைப்பள்ளங்களைக் குறிக்கும் நார்டிக் சொல்லிலிருந்து வந்தது. அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் இதே ஒலியுள்ள பெயர்களுக்கு வேறு வேறு மூலங்கள் உண்டு. பஞ்சாபியில் ‘ல்’ அழுத்தமாக இரட்டித்து ஒலிக்கும் என்பதால், பேசக் கேட்டால் வேறுபாடு தெரியும்.

இப்படியொரு பொருத்தம் மட்டும் கவனத்தை ஈர்க்கிறது. அஜந்தாவைக் கண்டு தம் கலைப்பாதையையே மாற்றிக்கொண்டவர் அம்ரிதா ஷேர்-கில். அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், 1844-இல், அதே குகை ஓவியங்களைப் படியெடுக்கும் பணியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஏற்றவர் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற ஆங்கிலேய அதிகாரி. பல்லாண்டு உழைப்பில் அவர் உருவாக்கிய படிகளில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீவிபத்தில் எரிந்துபோயின. இருவருக்கும் எந்த உறவும் இல்லை.

கேள்வி: உலகத்தில் மொத்தம் எத்தனை கில்கள் இருப்பார்கள்? கனடாவில் ஏன் இவ்வளவு பேர்? (புதுச்சேரி வாசகர்)

இணையத்தில் உலவும் மொத்த எண்ணிக்கைகள் எதையும் நம்ப வேண்டாம். 1881 கணக்கெடுப்பு ஜாட் குலங்களைத் தனித்தனியே எண்ண முயன்றது. சாதிவாரியாக முழுமையாக எண்ணி வெளியிடப்பட்ட கணக்கு 1931-ஓடு முடிந்தது. அதன்பின் இந்தியக் கணக்கெடுப்புகள் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டுமே தனியாக எண்ணின. 2011-இல் பஞ்சாபில் 2.77 கோடி மக்கள், அவர்களில் 57.7 விழுக்காடு சீக்கியர் என்று சொல்லலாம். அவர்களில் கில் எத்தனை பேர் என்று அரசுக் கணக்கில் தேடிப் பயனில்லை.

எண்ணினாலும் எண்ணிக்கை சரியாக இராது. 1699-இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பை நிறுவியபோது ஆண்களுக்குச் சிங் என்ற பெயர் பொதுவாயிற்று. பெண்களுக்குக் கௌர் என்பது வழக்கமாயிற்று. சாதி அடையாளம் மறைய வேண்டும் என்பது நோக்கம். அதை ஏற்றுக் கோத்தைப் பெயரில் எழுதாதவர்கள் மிகப் பலர். அவர்கள் வீட்டில் கில்; வாக்காளர் பட்டியலில் வெறும் சிங்.

கனடாவில் இது தலைகீழானது. புதுதில்லியிலிருந்த கனடா விசா அலுவலகம், சிங், கௌர் என்பவை குடும்பப் பெயராகப் போதாது, கோப்புகள் குழம்புகின்றன என்று சொல்லி, குடியேற விண்ணப்பித்தவர்களிடம் வேறு குடும்பப் பெயரைச் சேர்த்துக் கடவுச்சீட்டு வாங்கி வரச் சொன்னது. பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த இவ்வழக்கம், 2007-இல் செய்தியாகிச் சீக்கிய அமைப்புகள் எதிர்த்த பிறகே கைவிடப்பட்டது. குருவின் சொல்லுக்காக விட்ட கோத்தை விசாவுக்காக மீட்டெடுக்க வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. ஆகவே கனடாவின் தொலைபேசிப் பட்டியலில் கில்கள் மலிந்திருப்பதில் குடியேற்றத்துக்கு எவ்வளவு பங்கோ, அலுவலக விதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது எம் எண்ணம்.

குடியேற்றக் கதை பழையது. 1903-04 முதல் பஞ்சாபியர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரம் அறுக்கும் ஆலைகளுக்குச் சென்றார்கள். 1908-இல் வந்த தடைவிதி அந்த வரவை நிறுத்தியது. அதை எதிர்த்துச் சென்ற கோமகாட்டா மாரு கப்பல் 1914-இல் 376 பயணிகளோடு வான்கூவரை அடைந்து, மிகச் சிலரைத் தவிர அனைவரோடும் திருப்பி அனுப்பப்பட்டது. 1967-இல் தகுதிப் புள்ளி முறை வந்தபின் கதவு திறந்தது. 2021 கணக்கில் கனடாவில் சீக்கியர் 7.7 லட்சம், மக்கள்தொகையில் 2.1 விழுக்காடு. சர்ரே, ஆபட்ஸ்போர்டு, பிராம்ப்டன் நகரங்களில் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். பிரிட்டனில் 1950-களில் பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் வார்ப்பாலைகளும் லண்டனின் சவுத்தாலும் பஞ்சாபியரை ஈர்த்தன. அந்தத் தலைமுறையின் தொடர்ச்சியாகவே 2004-இல் லெஸ்டர் இடைத்தேர்தலில் பரம்ஜித் சிங் கில்லும், 2017-இல் பர்மிங்காம் எட்ஜ்பாஸ்டனில் பிரீத் கௌர் கில்லும் நாடாளுமன்றம் சென்றார்கள். பிரீத் கௌர், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முதல் சீக்கியப் பெண் உறுப்பினர். பிரிட்டனின் பெயர்ப் பட்டியல்களைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அவற்றில் யார்க்‌ஷயரின் கில்லும் லூதியானாவின் கில்லும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

கேள்வி: ஒரு கில் இன்னொரு கில்லை மணக்கலாமா? (மதுரை வாசகி)

சட்டம் தடுக்காது. ஒரே கோத்திரத்தில் திருமணம் செல்லும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் கோத்திரத்தைத் தடையாகக் கருதவில்லை. வழக்கம்தான் தடுக்கும். சீக்கிய, இந்து ஜாட் குடும்பங்களில் தந்தையின் கோத்திலும் தாயின் கோத்திலும் மணமுடிப்பதில்லை. மரபு பிடித்த வீடுகளில் தந்தை வழிப் பாட்டி, தாய் வழிப் பாட்டி ஆகியோரின் கோத்துகளையும் விலக்குவார்கள். ஒரே கோத்தார் எவ்வளவு தொலைவில் பிறந்திருந்தாலும் உடன்பிறப்புகள் என்பதே அதன் அடிப்படை. வெளிநாடுகளில் நான்கு கோத்து விலக்கு தளர்ந்து வருகிறது. தந்தையின் கோத்தை மட்டும் இன்னும் பலர் விடாமல் பார்க்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால் முஸ்லிம் கில்களிடம் நிலைமை வேறு. இஸ்லாம் சிற்றப்பா, பெரியப்பா மக்களுக்கிடையே திருமணத்தை அனுமதிப்பதாலும், நிலம் வெளியே போகாமல் காக்க விரும்புவதாலும், அங்கே ஒரு கில் இன்னொரு கில்லை மணப்பது இயல்பு. பல குடும்பங்கள் அதையே விரும்புகின்றன.